சப்பாத்து அலுமாரிக்குள் ஆறு விளக்குகள்

ஆறு வீட்டுக்கும் ஒரே இணைப்பு.
ஒப்பந்தத்தில் என் பெயர்.
ஷூஃபாவில் கறுப்புப் புள்ளி விழாத ஆள்
இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான்.
மாதம் ஐம்பத்து நான்கு யூரோ,
வீட்டுக்கு ஒன்பது.

ரூட்டர் இருப்பது என் கதவுக்கு வெளியே,
சப்பாத்து அலுமாரிக்குள்.
மின்சாரம் கதவிடுக்கால் போகிறது
(அந்தக் காசை நான் யாரிடமும் கேட்டதில்லை).
சாம்பல் வயர்கள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
சில ஏறும், ஒன்று இறங்கும்.
மூன்றாம் மாடிக்குத் துளை போட்டவர் ஸ்பிக்னியெவ்,
தரை ஓடு பதிக்கிறவர்.
சுவர் வீட்டுக்காரனுடையது என்றேன்.
ஓட்டை நம்முடையது என்றார்.

குழாயடிச் சண்டை எங்களுக்கும் உண்டு,
தண்ணீர்தான் இல்லை.
கால்பந்து நடக்கும் இரவுகளில்
குலேந்திரனின் மச்சாள் டொரோண்டோவில்
வாய் திறந்தபடி உறைந்துபோவாள்.
அவர் நாலு மாடி இறங்கி வந்து மணி அடிப்பார்:
"அக்கா, ஆரோ இழுக்கினம்."
ஆரோ.
எப்போதும் ஆரோ.

வைத்தியசாலைச் சலவைக்கூடத்தில் எனக்கு ஐந்து மணி வேலை.
நாலரைக்குச் சப்பாத்தெடுக்கக் குனிந்தால்
பச்சை விளக்குகள் முகத்துக்கு நேரே.
யார் தூங்கவில்லை என்பது கேட்காமலே தெரியும்.
கீழ்வீட்டு டோர்ஃப்லருடையது ஒரே சீராகச் சிமிட்டும்:
மனைவி போனபிறகு அவர்
வானொலியை நிறுத்துவதில்லை.

மார்ச்சில் கடிதம் வந்தது.
மியூனிக் வக்கீல்கள், பதினோரு பக்கம், கனத்த தாள்.
பெப்ரவரி ஒன்பது, அதிகாலை இரண்டு பதினாலுக்கு
நான் ஒரு படத்தைத் திருடினேனாம்.
நொடிகூடக் குறித்திருந்தார்கள்.
எண்ணூற்று எழுபது யூரோ.
படத்தின் பெயருக்குப் பின்னால் மூன்று என்று இருந்தது.
முதல் இரண்டையும் நான் பார்த்ததில்லை.

படிக்கட்டில் கூடினோம். கூட வேறு இடமில்லை.
கடிதம் கைமாறிக் கைமாறிப் போயிற்று,
சுடுசட்டி மாதிரி.
செலாம் இரவுப்பணி உடுப்போடு நின்றாள்.
பின்னால் அவள் மகன் யோனாஸ், பதின்மூன்று வயது,
சுவரில் ஓடும் வயரைப் பார்த்தபடி.
மேல்மாடி மாணவர்கள் தங்கள் பூனையையும் கொண்டுவந்திருந்தார்கள்.

ரூட்டருக்குள் பதிவு இருக்கும், என்றார் குலேந்திரன்,
எந்த நேரம், எந்த வீடு, எல்லாம்.
அக்கா திறந்து பார்த்தால் முடிந்தது கதை.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது டோர்ஃப்லர் கையை உயர்த்தினார்,
வகுப்பில் உயர்த்துவதுபோல.
"நான்தான்."
வயது எண்பத்தொன்று. வீட்டில் கணினி கிடையாது.
"வானொலியிலா இறக்கினீர்கள்?" என்றார் ஸ்பிக்னியெவ்.
"கவனக்குறைவாக," என்றார் அவர்.
முதலில் சிரித்தது செலாம்.
யோனாஸ் சிரிக்கவில்லை.

அன்றிரவு பதிவைத் திறந்தேன்.
திறக்கவில்லை என்று சொன்னால் பொய்.
ஜனவரியை முழுதாகப் படித்தேன்:
மூன்று மணிக்கு விழித்திருந்தவர்கள்,
ஐந்து மணிவரை விழித்திருந்தவர்கள்,
பொங்கலன்று இரவு முழுக்க நான்.
பெப்ரவரி தொடங்கும் வரியில் விரல் நின்றது.
எல்லாவற்றையும் அழித்தேன்.

பிஸ்கட் டின்னில் காசு சேர்ந்தது.
டோர்ஃப்லர் இருநூறு, தன் குற்றமாம்.
குலேந்திரன் நூற்றைம்பது, முணுமுணுப்போடு.
எல்லாம் கூட்டினால் எண்ணூற்று முப்பது.
மீதி நாற்பதை நான் போட்டேன்,
யாருக்கும் சொல்லாமல்.

ஒன்பது நாள் கழித்து, இருட்டில்,
இடது சப்பாத்துக்குள் கால் நுழைய மறுத்தது.
கவிழ்த்தேன்.
இரண்டு யூரோக் குற்றிகள், இருபது.
சத்தம் படிக்கட்டெல்லாம் உருண்டு இறங்கியது,
ஒரு கதவும் திறக்கவில்லை.

அதன்பிறகு ஒரு சனி இரவு,
தூக்கம் கலைந்து வெளியே வந்து பார்த்தேன்.
இரண்டு மணி இருக்கும்.
ஐந்து விளக்குகள் எரிந்தன.
இரண்டாம் மாடியினது இருண்டு கிடந்தது.
வயர் கழன்றுவிட்டதோ என்று
அழுத்திப் பார்த்தேன்.
இல்லை, இறுக்கமாகத்தான் இருந்தது.