துப்பல் வாளி

டீசல் மெக்கானிக் கொட்டகைக்கும்
வெல்டிங் கூடத்துக்கும் நடுவே எங்கள் வகுப்பு.
புளிக்கும் திராட்சைச் சாற்றின் வாடையில்
எப்போதும் கொஞ்சம் கிரீஸ் கலந்திருக்கும்.
ரீஸ்லிங் ஒயினில் பெட்ரோல் சாயல் என்று
நான் எழுதிக்கொடுத்த குறிப்பு
பாதி மதிப்பெண்ணோடு திரும்பி வந்தது.
கீழே ஹால்டோர்சன் டீச்சரின் சிவப்பு மை:
"ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி முகர்ந்து பார்."

அப்போது எனக்குப் பத்தொன்பது.
இந்த மாநிலத்தில் இருபத்தொன்று ஆகாத மாணவர்
ஒயினை அளக்கலாம், வடிக்கலாம்,
வகுப்புக்குள் நாவில் உருட்டலாம்.
விழுங்கக் கூடாது.
பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்து:
துப்புக.

அம்மா ஆப்பிள் கிடங்கில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள்.
"துப்புறதுக்கா ஃபீஸ் கட்டுறோம்?" என்று சிரித்தாள்.
புத்தகம் நூற்று எண்பது டாலர் என்றதும்
சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

முதலில் எனக்குத் துப்பவே துப்பில்லை.
மோவாயில் வழியும், சட்டையில் சொட்டும்,
ஒருமுறை டீச்சரின் ஷூவில்.
குளியலறையில் பச்சைத் தண்ணீரை வைத்துப் பழகினேன்.
உதட்டைக் குவி, நாக்கை மடி,
ஒரே கோடாக, தயங்காமல்.
நவம்பருக்குள் மூன்றடி தூரம்.

என் மேசையில் டெல்மர் ஓச்சோவா,
வயது நாற்பத்தாறு, லாரி ஓட்டியவர்.
சட்டம் அவரைத் தடுக்கவில்லை,
ஆனாலும் எங்கள் வாளியில் பாதி அவருடையது.
"நாலு வருஷம், ஏழு மாசம்," என்றார்
பியூரெட்டின் குமிழைத் திருகியபடி,
யாரோ ஒயினின் வயதைக் கேட்டதுபோல.
பின் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் கரைசல் இளஞ்சிவப்பாகிவிட்டது,
எண்ணைக் குறிக்க வேண்டியிருந்தது.

அவர் மூக்கு அபாரம்.
கந்தகம், நனைந்த அட்டைப்பெட்டி,
ஏழாம் தொட்டியில் யாரோ கழுவாமல் விட்ட வால்வு,
எல்லாவற்றுக்கும் முதல் துப்பு அதனிடம்தான்.

அடுத்த அக்டோபரில் எங்கள் தொட்டி நின்றுபோனது.
சர்க்கரை நான்கில் படுத்துக்கொண்டு எழ மறுத்தது.
அவர் லாரியிலிருந்து கொண்டுவந்த மின்போர்வையைச் சுற்றி
வெதுவெதுப்பான நீரில் புது ஈஸ்டை எழுப்பி
கோப்பை கோப்பையாக ஊற்றினோம்.
இரண்டு இரவு.
அதிகாலை மூன்றரைக்கு அடைப்பானில் ஒரு குமிழி.
பிறகு பத்து நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு ஒன்று.

மார்ச்சில் எனக்கு இருபத்தொன்று.
வகுப்பே சுற்றி நின்றது,
கையில் எங்கள் தொட்டியிலிருந்து எடுத்த கோப்பை.
"விக்ரி! விக்ரி!" என்று தட்டினார்கள் மேசையை.
வாயில் வாங்கினேன், உருட்டினேன்,
மூக்கு வழியே காற்றை விட்டேன்,
துப்பினேன்.
மூன்றடி, ஒரே கோடு, வாளியின் நட்டநடுவில்.
சிரிப்பு அடங்க நேரமானது.

எல்லோரும் போனபின் கழுவிக்கொண்டிருந்தோம்.
ஒரு கோப்பையில் ஒரு மிடறு மீதி.
"இப்போ விழுங்கிப் பார்," என்றார்,
"எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு.
அந்தக் காலத்துல நான் ருசிக்காகக் குடிக்கல."

விழுங்கினேன்.
சுவரில் மாட்டிய வாசனைச் சக்கரத்தில்
நெல்லிக்காய் இருக்கிறது, புகையிலை இருக்கிறது,
மழையில் நனைந்த கல்கூட இருக்கிறது.
தொண்டைக்குக் கீழே ஒரு சொல்லும் அச்சாகவில்லை.
தேடினேன்.
அவர் பென்சிலோடு காத்திருந்தார்.
"போய்க்கிட்டே இருக்கு," என்றேன்.
"கொஞ்சம் சூடு. காதுக்குப் பின்னால என்னமோ."

எழுதிக்கொண்டார்,
அமிலம், பிஎச், சர்க்கரைக்குக் கீழே, அதே சிறிய கையெழுத்தில்.
காதுக்குப் பின்னால் என்ற இடத்தில் மட்டும்
ஒரு கேள்விக்குறி.

வாளியைக் கொட்டுவது அன்று என் முறை.
அவரே எடுத்துக்கொண்டு போனார்.