ரசீது இல்லாமல்

வடக்கு டக்கோட்டா. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பள்ளி வாசலில் பிக்-அப் வண்டிகள்
இன்ஜினை அணைக்கத் துணிவில்லாமல்
நின்றபடியே புகைகின்றன.
உள்ளே அறை எண் நூற்றுப் பதினான்கு,
சந்தைப்படுத்தல், இரண்டாம் ஆண்டு.
பதினோரு பேர். இரவல் டை மூன்று.
அதில் ஒன்று என் கழுத்தில்.

சுவரில் நான்கு சொற்கள்:
பொருள், விலை, இடம், விளம்பரம்.
முதல் சொல்லுக்கு மட்டும்
இரண்டு பொருள்.
தேர்வில் ஒன்றைத்தான் கேட்பார்கள்.

கவிழ்த்து வைத்த தாளை டிரெஸ்ஸா திருப்புகிறாள்.
*நீங்கள் காலணிக் கடையின் துணை மேலாளர்.
வாடிக்கையாளர் பனிக்காலணியைத் திருப்பித் தர வருகிறார்.
கோபமாக இருக்கிறார். ரசீது இல்லை.*
தயாராகப் பத்து நிமிடம்.
ஒன்பதைக் கூந்தலை அவிழ்த்துக் கட்டுவதில் செலவழித்தாள்.
பயமில்லை அவளுக்கு.
நடைபாதைச் சுவரில் வெட்டிய சன்னலில்
செப்டம்பரிலிருந்து கோகோ விற்கிறவள்.
ஒரு டாலரை ஒன்றேகால் ஆக்கிய வாரம்
ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் ஓடிப்போனதை
வரைபடமாகப் போட்டு மாட்டியிருக்கிறாள்,
கோடு படிக்கட்டில் தவறி விழுந்தவன் மாதிரி.

நடுவர் வெர்லின் ஓட்டே, மெத்தைக் கடைக்காரர்,
மடியில் மதிப்பெண் அட்டை.
ஸ்டாப்வாட்ச் என் கையில்.

வாடிக்கையாளராக வந்தவன் எம்மெட் க்ரோக்ஸ்டாட்.
வாய் திறந்தால் வாடகை கேட்பார்களோ என்று
கடைசி வரிசையில் கிடப்பவன்.
மற்றவர்கள் காற்றைத்தான் பெட்டியாகப் பிடித்து வருவோம்.
அவன் நிஜப் பெட்டியை மேசையில் வைத்தான்.

கத்தவில்லை.
"காலணி நல்லாத்தான் இருக்கு," என்றான்.
"பணம்தான் வேணும்."

அது தாளில் இல்லை.

கேள், வருந்து, தீர்வு சொல், நன்றி சொல்:
நான்கு படி எங்களுக்கு மனப்பாடம்.
அவள் இரண்டாம் படியில் நின்றாள்.
"வருந்துகிறேன்" என்றாள்.
அவன், "எதுக்கு?" என்றான்.
என் கையில் நொடிகள் ஓடின. பதினேழு.
நான் எண்ணினேன், அதுதானே என் வேலை.

பிறகு அவள் குரல் மாறியது,
சன்னலில் சில்லறை கேட்கிற குரல்.
"என்ன சைஸ்?"
"பத்தரை."
"திரும்ப எடுத்துக்க முடியாது. வித்துத் தரேன்."
பெட்டியைத் தூக்கி வகுப்பைப் பார்த்து,
"பத்தரை யாரு? மூணு வாரம் போட்டது,
உள்ளே கம்பளி, நாற்பது டாலர்!"
சிரித்தோம். யாரோ முப்பது என்றான்.
எம்மெட் சிரிக்கவில்லை.
முப்பதை யோசிப்பவன் மாதிரி நின்றான்.

மணி அடித்தேன்.

அட்டையில் வெர்லின் எழுதியது:
*சூழலை விட்டு விலகினார், ஐந்து.
வாடிக்கையாளரின் தேவையைக் கண்டறிந்தார், ஒன்பது.*
எழுதி முடித்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவன் வெளியேறும்போதுதான் பார்த்தேன்:
காலில் உடற்பயிற்சி வகுப்புக் கான்வாஸ் ஷூ,
ஓரமெல்லாம் உப்புப் பூத்து.
அவளும் பார்த்தாள்.
ஒன்பது என்று எழுதிய அட்டை
அவள் கையில்தான் இருந்தது.

மறுநாள் சன்னலுக்கு வந்தான்.
எப்போதும் வராதவன்.
ஒன்றேகால் டாலரை நாணயம் நாணயமாக அடுக்கினான்.
அவள் பாதியைத் திரும்பத் தள்ளினாள்.
அவன் மறுபடி முன்னே நகர்த்தினான்.
வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள்.

"ரசீது," என்றான்.

கோகோவுக்கு யார் ரசீது கேட்பார்கள்?
அச்சடித்த புத்தகம்கூட எங்களிடம் கிடையாது.
அவள் அந்த வரைபடத்தை எடுத்தாள்,
கோடு விழுகிற மூலையைக் கிழித்து எழுதினாள்:

கோகோ ஒன்று. ஒன்று இருபத்தைந்து.
திருப்பித் தரலாம்.

அவன் அதை நான்காக மடித்து
பெட்டியில் எதையோ வைப்பதுபோல்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கோகோவில் ஆடை படிந்துவிட்டது.
அடுத்தவன், "எனக்கு ஒன்று," என்றான்.