இரண்டு சொல் முன்னே

தில்லையரின் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.
முப்பத்தெட்டு வருஷம்
பக்கத் திரைக்குள் குந்தியிருந்து
வசனம் எடுத்துக் கொடுத்தவன் நான்.
பிடரி தெரியும். வலது காது தெரியும்.
சொல் மறந்தால் அந்தக் காது
மாட்டுக் காது மாதிரி ஒருக்கா அசையும்.
உடனே போடுவேன், இரண்டு சொல்.
மூன்று போட்டால் கோபம் வரும்.
"மிச்சம் எமக்குத் தெரியும்" என்பார்
மேடையிலேயே, அரசனின் குரலில்.
சனம் அதையும் வசனமென்று நினைத்துக் கைதட்டும்.

முதல் வேஷம் பெண்.
முள்ளியவளையில் பள்ளிக்கூட வளவு,
பெற்றோல்மாக்ஸ் இரண்டு,
தபாலதிபர் வீட்டுச் சேலை ஒன்று.
விடியச் சேலையைத் திருப்பிக் கொடுக்கப் போனவரை
படலையில் மறித்து அந்த அம்மா கேட்டாவாம்:
"நான் உப்பிடியே தம்பி நடக்கிறனான்?"
அதைவிடப் பெரிய விமர்சனம்
அவருக்கு ஒருத்தரும் எழுதவில்லை.

குருநாகல் பேக்கரியில் ஆறு வருஷம் மா பிசைந்தவர்.
எழுபத்தேழில் உடுத்த சாறத்தோடு வந்திறங்கினார்.
சிங்களம் மட்டும் கூட வந்தது.
அதால்தான்
வீடியோப் படங்கள் தொடங்கின காலத்தில்
எல்லாப் படத்திலும் அவர் ஆமிக் கப்டன்.
ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் இருமும்.
தொப்பி தைத்தது, துவக்கு மரம்,
சப்பாத்து மட்டும் நிசம்.
எங்கிருந்து வந்ததென்று நாங்கள் கேட்கவில்லை.
உள்ளே மையால் ஒரு பேர், சிங்கள எழுத்தில்.
அவர் வாசித்தார்.
எங்களுக்குச் சொல்லாமல் காலை நுழைத்தார்.

கப்டனின் வசனத்தைத் தமிழெழுத்தில் கொப்பியில் எழுதினேன்.
கருத்துத் தெரியாது. ஓசை பாடம்.

படம் ஓடின கிழமை
புதுக்குடியிருப்புச் சந்தையில் மீன்காரி
தராசைக் கவிட்டு வைத்தாள்.
"உனக்கு நிறுக்க மாட்டன், போ."
வெறும் பையோடு வந்தவர் மனிசியிடம் சொன்னார்
"இண்டைக்குப் பரிசு கிடைச்சிட்டுது."
அன்றைக்குப் பருப்பு.

பிறகு
பிரதி இல்லாத வருஷம்.
எறிந்துவிட்டு வந்ததில் கொப்பியும் ஒன்று.

செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் வரிசை.
எனக்கு முன்னால் நாலு பேர், நாலாவது அவர்.
மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி
நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான்.
தில்லையர் சாறத்தை இறக்கிவிட்டு
நிமிர்ந்தார்.
கப்டன் வந்தான்.
அந்த வெயிலில், அந்தத் தாடியோடு,
சப்பாத்து இல்லாத காலை அடித்து நின்றான்.
பாதி வசனத்தில்
வலது காது அசைந்தது.

போட்டேன்.
எனக்கு விளங்காத மொழியில்
மூச்சளவு இரண்டு சொல்.

அதிகாரி சிரிக்கவில்லை.
எழும்பி வந்து அவருடைய கையைப் பிடித்து
நெற்றியருகே விரல்களை நேராக்கினான்.
பிறகு போகச் சொன்னான்.
என்ன சொன்னவன் என்று இரவு கேட்டேன்.
"எங்கட கை இப்பிடி நடுங்காதாம்.
பொய்" என்றார் தில்லையர்.
"அவன் பிடிச்ச கை நடுங்கினது."

போன ஆவணியில் பெடியள் கமராவோடு வந்தாங்கள்.
ஒட்டுசுட்டானில் ஒரு முற்றம்.
மகனைத் தேடுகிற தகப்பன், ஒரே ஒரு காட்சி.
சட்டம் போட்ட படமொன்றைக் கையில் கொடுத்தாங்கள்.
"ஆர் இந்தப் பிள்ளை?"
"சும்மா ஒரு படம் ஐயா, நெற்றில எடுத்தது."
"பேர்?"
"பேர் தேவையில்லை, அழுதால் காணும்."

வெயில் சரிந்துகொண்டு போனது.
அவர் அழவில்லை.
படத்தை மடியில் கவிட்டு வைத்துக்கொண்டு
வேலியைப் பார்த்தபடி இருந்தார்.
காது அசைந்தது.

என் கையில் தாள் இல்லை.
வாயில் ஒரு பேர் இருந்தது,
பத்து வருஷமாய்
பதிவுக் கந்தோர்களில் மட்டும் சொன்ன பேர்.
அதை எடுத்துக் கொடுத்தேன்.
இரண்டு சொல்: பேரும் முதலெழுத்தும்.
முதலெழுத்து என்னுடையது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.
கமரா ஓடிக்கொண்டிருக்கையில் செய்யக்கூடாத காரியம்.
முப்பத்தெட்டு வருஷத்தில்
அன்றைக்குத்தான் முழுமுகம்.
பிறகு படத்தை நிமிர்த்தி
அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

கூப்பிட்ட சத்தத்தைப் படத்தில் வெட்டிவிட்டாங்கள்,
பின்னால் ஆரோ பேசுவது கேட்குதாம்.
இப்ப அந்த இடத்தில் வயலின்.