ஐந்து பேர் இருந்தால் படம் ஓடும்

வெள்ளி: முந்நூற்றுப் பதினெட்டு.
சனி: இருநூற்றுத் தொண்ணூறு.
ஞாயிறு, குருமண்வெளியிலிருந்து ரெண்டு பஸ் வந்ததில்
பிளாஸ்டிக் கதிரை போட்டும் காணாமல்
முந்நூற்று அறுபத்தாறு.
திங்கள்: நாற்பத்தொன்று.
அதன் பிறகு எழுத்தில் எழுதுவதை விட்டு
இலக்கத்தில் எழுதினேன். 19. 14. 11.
இலக்கம் அவ்வளவாக வலிக்காது.

இரவு பத்தே முக்காலுக்கு
கொழும்புக்கு வாட்ஸ்அப்பில் போகும் கணக்கு.
முதல் மூன்று நாளும் கட்டைவிரல் வந்தது.
பிறகு ரெண்டு நீலச் சரி மட்டும்.

படம் எங்கட ஆளைப் பற்றியது.
பெருவெள்ளத்தில், மட்டக்களப்பு வாவியில்,
இரவிரவாகக் கம்பூன்றிப் பாதை தள்ளி
சனத்தை அக்கரை சேர்த்த வேலாப்போடியின் கதை.
சென்னையில் எழுதி ஆலப்புழையில் எடுத்தது.
நாயகனின் தோளைப் பார்த்துப்
பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள்:
"இந்தத் தோள் இருந்தா
பாதையையே தூக்கிக்கொண்டு நடந்திருப்பாரே."
திரையில் தண்ணீர் கண்ணாடியாய்க் கிடந்தது.
எங்கட வாவி அப்படியில்லை,
கண்ணா வேர் ஊறிய தேயிலைச் சாயம்.

இரண்டாம் புதன். பகற்காட்சி. மழை.
ஐந்து பேர் இல்லாட்டி
மெசின் போடுவதில்லை என்பது முதலாளியின் சட்டம்.
கரண்ட் பில்லுக்கு வீரம் தெரியாது.
வந்தது, இருட்டை மட்டும் பார்க்க ஒரு சோடி.
மழைக்கு ஒதுங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே
டிக்கட் எடுத்த லீசிங் கம்பனிப் பொடியன்.

நாலாவதாக ஒரு குடை வந்தது.
மடக்கியபோது வேலாப்போடி.

நான் எழும்பினேன்.
டிக்கட் கூண்டுக்குள் எழும்பினால் தலை இடிக்கும்.
இடித்தது.
"ஐயா, உங்களுக்குக் காசு வேணாம்."
"சும்மா ஏத்தினாக் கணக்குப் பிசகும், மனே.
ரெண்டு தா."

ரெண்டா?

"அலியாருக்கும்."

இந்தப் படத்தை ஒன்பது தரம் பார்த்திருக்கிறேன்.
அதில் அலியார் இல்லை.
"பாதைக்கு ரெண்டு கம்பு," என்றார், நான் கேளாமலே.
"முன்னுக்கு ஒருத்தன், பின்னுக்கு ஒருத்தன்.
ஒரு கம்பில தள்ளினா
நிண்ட இடத்திலேயே சுத்தும்.
படம் எடுக்க வந்த பொடியனுகளுக்கு
மூண்டு நாள் இதைத்தான் சொன்னன்.
ஓம் ஓம் எண்டு எழுதினானுகள்."

"அவர் வருவாரா, ஐயா?"

"பிந்தித்தான் வருவான்.
எண்டைக்கும் அப்பிடித்தான்."

ஐந்து டிக்கட். மெசின் போட்டாச்சு.

வெள்ளக் காட்சி நேரம் டோர்ச்சோடு உள்ளே போனேன்.
எங்கள் கதிரைகள் ஆளில்லாவிட்டால் தானாக மடியும்.
எட்டாம் வரிசையில் வேலாப்போடிக்குப் பக்கத்தில்
ஒன்று மடியாமல் கிடந்தது.
நனைந்த குடையை அதில் இருத்தியிருந்தார்.
திரையில் நாயகன் தனியே தள்ளினான்,
அவனுக்கு முப்பது வயலின் உதவி.
வேலாப்போடியின் கைகள் மடியில் கிடந்தபடி
ஒரு தரம் ஊன்றின,
மற்றவனுக்காகக் கொஞ்சம் நின்றன,
மறுபடி ஊன்றின.
டோர்ச்சை அணைத்தேன்.

படம் முடிய, சோடி பின்வழியால் போனது.
பொடியனைத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது.
அவர் வெறுந்தலையோடு மழைக்குள் இறங்கி
பஸ்நிலையப் பக்கம் நடந்தார்.
குடை, குடை என்று கூப்பிட்டேன்.
கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றிரவு எழுதினேன்:
பகல் 5. மாலை இல்லை. இரவு இல்லை.
கொழும்பு உடனே பதில் போட்டது:
நாளையோடு நிப்பாட்டுங்கள், வெள்ளி புதுப்படம்.
நான் கட்டைவிரல் போட்டேன்.

ஐந்து டிக்கட்டுக்கும் கேளிக்கை வரி உண்டு.
பிந்தி வருகிறவரை எங்கே எழுதுவது என்று
மாநகரசபைப் படிவத்தில் இல்லை.
மேலே ஏழாம் கட்டத்தில், பார்வையாளர் தொகை என்ற இடத்தில்,
குடைத் தண்ணீர் பட்டு மை கொஞ்சம் பரவியிருந்தது.
வாசிக்கலாம். ஐந்துதான்.