எரிச்சல் பேரேடு

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில்
பில் எழுதுகிறவள் நான்.
விடிவதற்குள் எழுபது எண்பது ரசீது.
மூன்றாம் தாளில் எழுத்து விழாது.
அழுத்தினால் முதல் தாள் கிழியும்.

போன தை மாதம் அப்படிக் கிழிந்த ஒன்றைத்
திருப்பிப் போட்டு, கோபத்தில் எழுதினேன்:
கார்பன் தேஞ்சுபோச்சு, நாலு மாசமா.
எழுதியதைப் படித்தபோதுதான் உறைத்தது.
எட்டு ரூபாய்ச் சாமானுக்கு
நாலு மாசம் பல்லைக் கடித்திருக்கிறேன்.

அதற்குப்பின் கை நிற்கவில்லை.
ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை.
பேனா வாங்கினவன் கையோடு போய்விடுகிறான்.
கால்குலேட்டரில் ஏழை இரண்டு தரம் அமுக்கினால்தான் ஒரு ஏழு,
சில நாள் அதுவே இரண்டு ஏழு ஆகிவிடும்,
யாரோ ஒருவர் திடீர்ப் பணக்காரர்.
பல்பு என் முதுகுப்பக்கம்,
என் தலைநிழலுக்குள் உட்கார்ந்து கூட்டல் போடுகிறேன்.
பனியில் மூக்குக்கண்ணாடி.
முதலாளியின் செருமல்.

அட்டைப்பெட்டியை நாலாக மடித்துக் கொடுத்தேன்.
ஸ்டூல் ஆடாமல் நின்றது, கடன் அடைத்தவன் மாதிரி.
பேனாவுக்குச் சணல் கட்டினேன்.
பல்பை மாற்றச் சொல்லி மூன்று தரம் கேட்டேன்,
மேசையைத் திருப்பிப் போட்டாலே போதும் என்று
தெரிய இருபது நாளாயிற்று.
செருமலுக்கு அதிமதுரம் சொன்னேன்;
அவர் இன்னும் சத்தமாய்ச் செருமினார்.
மூக்குக்கண்ணாடியை நான் ஒன்றும் செய்யவில்லை.
பங்குனி வந்தது, பனி போனது,
சும்மா இருந்தே ஒரு வரியை அடித்தேன்.

ஏழு மணிக்கு முடிகிற வேலை
ஆறே முக்காலுக்கு முடிந்தது. பிறகு ஆறரைக்கு.
மீந்த அரைமணியில் முதல்முறையாகப் பார்த்தேன்,
கோட்டை மலைக்குப் பின்னால் வெளிச்சம்
முதலில் பாறையில் விழாமல்
மேகத்தின் அடிவயிற்றில் விழுவதை.
நாலு நாள் பார்த்தேன்.
ஐந்தாம் நாள் அந்த அரைமணியிலும் உட்கார்ந்து
வீட்டு எரிச்சல்களை எழுத ஆரம்பித்துவிட்டேன்.
பால் பாக்கெட் வெட்டக் கத்திரி கிடைப்பதில்லை.
மகளின் ஷூவில் எப்போதும் ஒன்றுதான் வாசலில்.

சித்திரையில் பெட்டி நாற்பதுக்கு இறங்கியது.
கெலமங்கலத்துக்காரர் ஒருவர்
ஏலம் முடியுமுன்னே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்
ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்து
காலிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
எழுதப் பேனாவை எடுத்தேன்.
சணல் முழு நீளத்துக்கு இழுபட்டு நின்றது.
கார்பனுக்கும் ஸ்டூலுக்கும் கீழே
இதற்கு எந்த எண் போடுவது?
வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் உத்தனப்பள்ளிக்காரர்
என் மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்து
என்னம்மா கணக்கு இது, பூராவும் அடிச்சிருக்கு என்றார்.
சொன்னேன்.
சிரித்தார்.
நீங்களும் எழுதிப் பாருங்கள், நேரம் மிஞ்சும் என்றேன்.

"எனக்கு எழுத வராது.
ஆனா ஒண்ணு இருக்கு.
ஆறு வருசமா இங்கதான் காய் போடறேன்.
தெனமும் பேரு கேக்கறீங்க,
தலையத் தூக்காம."

சண்டையாகச் சொல்லவில்லை.
ஸ்டூல் ஆடுது என்பதுபோலத்தான் சொன்னார்.
இரண்டு தரம் அமுக்கவேண்டிய ஏழு
மேசைக்கு இந்தப் பக்கமும்
ஒன்று உட்கார்ந்திருந்திருக்கிறது.

பேர் கேட்கவேண்டியிருந்தது,
இன்னொரு தரம். கேட்டேன்.
சொன்னார்.

மறுநாள் நாலேகாலுக்கு
லாரி வெளிச்சத்தில் அவர் துண்டு தெரிந்ததுமே
எழுதத் தொடங்கினேன்.
திம்மராயன், உத்தனப்பள்ளி,
பதினெட்டுப் பெட்டி, விலை நாற்பது.
புதுக் கார்பன்.
மூன்றாம் தாளிலும் அந்த நாற்பது
அவ்வளவு தெளிவாக விழுந்தது.