பதிலளிக்கவில்லை

துராஸ்னோவில் ஜூலை. எலும்புக்குள் குளிர்.
மொந்தெவிதேயோவிலிருந்து மூன்று மணிநேரப் பேருந்து,
பிறகு கம்பளிக் கிடங்கின் தகரக் கதவு.
உள்ளே ஆட்டு வாடை, விறகடுப்பு,
ஆண்கள் கோட்டுக்குள் வால்கிரியா பெந்தாங்கோர்.
"திறக்கிறது. ஆனால் அசையமாட்டேன் என்கிறது"
என்றாள், முரட்டுக் கடாவைப் பற்றிச் சொல்வதுபோல்.

தொண்ணூற்றாறு எம்.பி.
பத்தொன்பது வருடத்துக் கம்பளி எடை ஒரே விரிதாளில்.
பழைய கணினியில் ஓடியதாம்.
போன மாதம் புதுக் கணினி, புதுப் பதிப்பு;
அன்றிலிருந்து தொட்டால் திரை வெளிறுகிறது,
தலைப்பில் ஒரே சொல்: பதிலளிக்கவில்லை.
மாத்தே ஒரு சுற்று போய் வந்தபின்
ஒரு செல் கீழே இறங்குகிறது.

"புது மெஷின் சரியில்லை" என்றார் ஒலெகாரியோ.
நான் மறுக்கவில்லை.
இந்தத் தொழிலில் முதல் அரைமணி நேரம்
எல்லோர் சொல்வதும் சரி.

முதலில் ஒரு பிரதி.
பிறகு, கடைசிச் செல்லுக்குப் போ என்றேன்.
போயிற்று, போயிற்று,
அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறாவது வரிசையில் நின்றது.
பழைய பதிப்புக்கு உலகம் முடிந்த இடம் அது.
கம்பளியோ ஆறாயிரத்திலேயே தீர்ந்திருந்தது.
மீதி, யாரோ ஒருநாள் மஞ்சள் பூசிவிட்டுப்போன பொட்டல்.
அழித்தேன்.

அடுத்து ஒரு ஃபார்முலா. டி டிரைவில்
விலைப்பட்டியல் என்றொரு கோப்பைத் தேடியது.
"அந்தக் கணினி?"
"ஆறு உள்ளே வந்த வருஷம் போச்சு."
திறக்கும்போதெல்லாம் அந்த விலாசத்துக்குப் போய்
கதவைத் தட்டி, காத்து நின்று,
ஒன்றும் சொல்லாமல் திரும்பியிருக்கிறது.
அந்த இணைப்பையும் அறுத்தேன்.
திரை இன்னும் வெளிறியது.

கடைசியில்தான் எண்ணிப் பார்க்கத் தோன்றியது.
வரிசைகளை அல்ல, அவற்றின்மேல் கிடந்தவற்றை.
நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்.
நிறமில்லை, எழுத்தில்லை, உயரம் பூஜ்யம்.
என்றோ ஒரு மின்னஞ்சலிலிருந்து ஒட்டிய வரியோடு
ஒன்று வந்து இறங்கியிருக்கிறது;
தினமும் நேற்றைய வரிசையை காப்பி எடுத்து
இன்றைய எடையைத் தட்டியதில் பெருகிவிட்டது.
பழைய பதிப்பு சோம்பேறி, தெரியாததை விட்டுவிடும்.
புதியது யோக்கியன்.
ஒன்றுமில்லாததை ஒவ்வொன்றாக
நாற்பத்தோராயிரம் முறை வரைந்துகொண்டிருந்தது.

நாலு வரி மேக்ரோ எழுதி ஓடவிட்டேன்.
அது அழித்து முடிப்பதற்குள் இரண்டு லாரி வந்தன.
ஒலெகாரியோ எடைகளைச் சாக்கட்டியால் சுவரில் எழுதினார்.
மாலையில் நின்றது. ஒரு பெட்டி மட்டும்,
கடைசி வரிசையில், போக மறுத்தது.
ஒன்றுதானே என்று விட்டேன்.

மூன்று எம்.பி.
வால்கிரியாவின் முகம் மாறியது.
எடை குறைந்தால் திருட்டு என்று அர்த்தமாகும் இடம் அது.
"மிச்சம் எங்கே?"
"இருந்ததே இல்லை."
"தொண்ணூற்று மூன்று இருந்ததே!"
அடுப்பருகிலிருந்து ஒலெகாரியோ சொன்னார்:
"அலசினால் கம்பளியும்தான் பாதியாகும்."
அவள் அவரைப் பார்க்கவே இல்லை.
மேசைக் கால்குலேட்டரை இழுத்து
முதல் வருடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள்.
இரவு பதினொன்றுக்குப் பதின்மூன்றாம் வருடத்தில் இருந்தாள்.
நான் சாக்குகளின்மேல் தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்தபோது மேசையில் பத்தொன்பது டிக்.
கோப்பு காகிதம்போல் புரண்டது.
அவளுக்கு நன்றி சொல்லும் வழக்கமில்லை;
ஒரு பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றி
என் பைக்குள் திணித்தாள்.
பிறகு உட்கார்ந்து, கைகளை ஊதிச் சூடாக்கி,
நேற்றைய வரிசையைத் தேர்ந்தாள்,
காப்பி எடுத்தாள், கீழே ஒட்டினாள்,
சுவரைப் பார்த்து எடையைத் தட்டினாள்.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எண்ணினேன்.
இரண்டு.

பேருந்து ஏழேகாலுக்கு.