கம்பனிப் பக்கம்

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.
எனக்குக் கம்பனி விழுந்தது.

பன்னிரண்டாம் ஆண்டு, கலைப்பிரிவு,
அரசறிவியல் வகுப்பில் மாதிரி நீதிமன்றம்.
ஒரு தோட்டம். ஒரு கொழுந்துக்காரி.
சாக்குக்கும் தண்ணிக்கும் என்று
நாளுக்கு இரண்டு கிலோ கழிக்கிற நிறுவை.
அவளுக்காகப் பேச விதுர்ஷன்;
அவன் அப்பாவுக்குப் பொகவந்தலாவை டவுனில் நகைக்கடை.
கம்பனிக்காகப் பேச நான்,
மேட்டு லயம், ஏழாம் காம்பரா.

"மாத்திக்கலாமா மிஸ்?"
"வந்த கேஸ் வந்ததுதான், தமயந்தினி."

எட்டு இரவு படித்தேன்.
கரண்ட் போனால் போன் வெளிச்சத்தில்.
முன்வைப்பு, ஏற்பு, கைம்மாறு.
வாங்குகிற சம்பளத்துக்குப் பின்னால்
இத்தனை சொற்கள் வரிசையில் நிற்பது
அதுவரை தெரியாது.
இரவல் புத்தகத்தில், யாரோ பென்சிலால் கோடிட்ட இடத்தில்
ஒரு வரி கிடைத்தது:
நெடுநாள் வழக்கமும் மறுப்பில்லாத நடத்தையும்
எழுதாத நியதி ஆகலாம்.

எவ்வளவு அழகான வரி!
கணக்கு மீதியில்லாமல் வகுபடும்போது
நெஞ்சில் ஒன்று விழுமே, அப்படி.

அம்மா இஸ்தோப்பில்
அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார்.
"சத்தமாப் படி, நானும் கேக்குறேன்."
நான் சத்தத்தைக் குறைத்தேன்.

வழக்கு நாளில் எனக்குக் கறுப்பு அங்கி.
மாசியில் காமன் கூத்துக்கு எமன் போட்டது.
கழுத்தில் இன்னும் அரிதாரம் மணந்தது.
நீதவான் கணக்குப் பாட அருள்ராஜ் சேர்;
முன்னால் பியூனிடம் வாங்கிய மணி.

விதுர்ஷன் நன்றாகத்தான் பேசினான்.
வேர்வை என்று நான்கு தடவை.
இருநூறு வருஷம் என்று ஆறு தடவை.
பின் வாங்கில் விசில் கூட அடித்தார்கள்.

நான் ஒரே கேள்வி கேட்டேன்,
கொழுந்துக்காரியாக நின்ற ரொஷாந்தியிடம்:
"இருபத்திரண்டு வருஷமாக் கழிக்கிறாங்க.
ஒரு நாளாவது வேணாம்னு சொன்னீங்களா?"

அவள் கையிலிருந்த தாளைப் புரட்டினாள்.
தாளில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.
"இல்ல" என்றாள்.

மணி அடித்தது. வென்றேன்.
சான்றிதழில் என் பெயரின் கடைசி எழுத்தை
விட்டுவிட்டிருந்தார்கள்.

பஸ்ஸில் நோர்வூட் வளைவு தாண்டும்போதுதான் உறைத்தது.
வழக்குத் தாளில் வருஷக் கணக்கே இல்லை.
இருபத்திரண்டு எங்கிருந்து வந்தது?
அம்மா செக்ரோலில் பேர் பதிந்த வருஷத்திலிருந்து
எண்ணிப் பார்த்தேன்.
சரியாக வந்தது.

வீட்டுக்குப் போகவில்லை.
சீருடையோடு நிறுவைக் கொட்டிலுக்குப் போனேன்.
படங்கு நனைந்து பெண்கள் வரிசையாக நின்றார்கள்.
அம்மாவின் சாக்கு கொக்கியில் ஏறியது.
தராசில் பதினெட்டு.
கணக்கப்பிள்ளை பதினாறு என்று எழுதினார்.

"ரெண்டையும் ஒன் வீட்டு ஒலையில போட்டுக்க, மவராசா."

அம்மாதான்.
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவரும் சிரித்தார், தலை நிமிராமல்.
"அடுத்த ஆள்."

சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டிருக்கிறேன்.
பள்ளி விட்டு வந்து இந்தக் கல்லில் குந்தி
எத்தனை சாயங்காலம் கேட்டிருக்கிறேன்.
பகிடி என்றே நினைத்திருந்தேன்.
ஒவ்வொரு நாளும், ஒரே குரலில்,
சாட்சிகள் முன்னிலையில்,
எதிராளியின் காதுபட.

மறுப்பு என்றால் எந்தச் சத்த அளவில் இருக்க வேண்டும்?
சிரித்துக்கொண்டு சொன்னால் செல்லாதா?
இரவல் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இருக்கிறதா?
அங்கே யாராவது பென்சிலால் கோடிட்டிருப்பார்களா?

கொப்பியை எடுத்தேன்.
தேதி. நான்கு நாற்பது. பதினெட்டு, பதினாறு.
சொன்ன வசனம், மவராசா உட்பட,
ஓர் எழுத்து விடாமல்.

வெறுங்கூடையோடு அம்மா வந்தார்.
"என்ன, பள்ளிக்கூடத்துக் கேசு என்னாச்சு?"

சான்றிதழ் புத்தகப்பைக்குள் மடிந்து கிடந்தது.

"தவணை போட்டிருக்கும்மா" என்றேன்.